சிந்தெடிக் 25 மில்லிசெகண்ட் கீழே நிற்பது ஏன்?

கிணற்று லாக்கிலிருந்து (துளைக்குள் ஆழவாரியாக எடுத்த அளவுப் பதிவு) செய்த சிந்தெடிக், அதாவது கணக்கிட்டு உருவாக்கிய எதிரொலித் தடம், நிலத்தடி எதிரொலிகளை நேரில் பதிந்த சீஸ்மிக்கைவிட 25 மில்லிசெகண்ட் கீழே, அதாவது தாமதமாக, நிற்கிறது என்கிறீர்கள். உடனே இழுத்துப் பொருத்திவிடாதீர்கள். விலகல் மேலிருந்து கீழ்வரை ஒரே அளவா என்று முதலில் பாருங்கள்.

ஒரே அளவென்றால் எனக்கு டேட்டம் (அளவு தொடங்கும் பூஜ்ஜிய மட்டம்) மேல்தான் சந்தேகம். லாக் ஆழம் அளக்கப்படுவது ரிக்கின் கெல்லி புஷ்ஷிங்கிலிருந்து (துளையிடும் மேடைத் தளத்தில் உள்ள பாகம்). கடல் சர்வேயில் சீஸ்மிக் நேரமோ கடல்மட்டத்திலிருந்து. இடையில் 25 மீட்டர் வெறும் காற்று இருந்து, அதை வினாடிக்கு 2000 மீட்டர் வேகமுள்ள பாறையாகக் கணக்கிட்டிருந்தால், போக வர சரியாக 25 மில்லிசெகண்ட். பிராசஸிங் குழுவிடம் டேட்டத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வாய்மொழி வேண்டாம்.

விலகல் ஆழத்தோடு கூடினால் காலிப்பர் லாக்கை (துளையின் அகலப் பதிவு) பாருங்கள். துளை அகன்ற இடத்தில், பாறையில் ஒலி கடக்கும் நேரத்தை அளக்கும் சோனிக் லாக் சைக்கிள் தாவி, அதாவது முதல் அலையைத் தவறவிட்டு அடுத்ததைப் பிடித்து, வேகத்தைக் குறைத்துக் காட்டும். அதைத் திருத்துவது பெட்ரோஃபிசிசிஸ்ட் (லாக்குகளை ஆராயும் நிபுணர்) வேலை. செக்‌ஷாட் (கிணற்றுக்குள் கருவி இறக்கி, மேலிருந்து ஒலி வந்துசேரும் நேரத்தை நேரடியாக அளப்பது) கொண்டு சரிசெய்வது அதற்குப் பிறகுதான். பழுதான லாக்கை அந்த அளவுக்கேற்ப வளைத்தால் சிந்தெடிக்கில் இல்லாத பிரதிபலிப்புகள் முளைக்கும்.