பேருந்தில் ஒட்டிய நாத்திகம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

விளம்பர ஒழுங்குமுறைச் சட்டம் கற்பிப்பவன் என்பதால், 2008 முதல் பல நாடுகளில் பேருந்துகளில் வெளியான நாத்திக விளம்பரங்களைப் பற்றி என்னிடம் பலர் கேட்டு வருகிறார்கள். யார் விளம்பரம் செய்தார்கள், யார் மறுத்தார்கள், நீதிமன்றங்கள் என்ன சொல்லின என்பவை என் துறைக்குள் அடங்கும். கடவுள் உண்டா என்பது அடங்காது. அந்தக் கேள்வியை அனுப்ப வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன்.

மதுரை வாசகர்: ஐயா, லண்டன் பேருந்து விளம்பரம் நம்பிக்கையாளர்களைச் சீண்டுவதற்காகவே தொடங்கப்பட்டது என்கிறார்களே, உண்மையா?

பதில்: எது முதலில் வந்தது என்று பார்த்துவிட்டுப் பேசுவோம். 2008 ஜூனில் லண்டன் பேருந்துகளில் ஒரு கிறிஸ்தவ விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. மனுஷகுமாரன் வரும்போது பூமியிலே விசுவாசத்தைக் காண்பாரோ என்று கேட்கும் லூக்கா நற்செய்தி வசனமும் அதனுடன் ஓர் இணைய முகவரியும் அதில் இருந்தன. ஏரியான் ஷெரீன் என்ற எழுத்தாளர் அந்த முகவரிக்குள் சென்று பார்த்தபோது, விசுவசிக்காதவர்கள் நரகத்தில் நித்திய காலமும் வேதனைப்படுவார்கள் என்று எழுதியிருப்பதைக் கண்டார். இதற்கு மறுமொழியாக, ஆளுக்கு 5 பவுண்டு போட்டால் நாமும் ஒரு பேருந்தில் மன ஆறுதல் தரும் வாசகத்தை ஒட்டலாமே என்று 'கார்டியன்' நாளிதழின் இணையப் பகுதியில் எழுதினார்.

அந்த யோசனையை, மதம் சாராதவர்களின் அமைப்பான பிரிட்டிஷ் மனிதநேயச் சங்கம் எடுத்துக்கொண்டு, 2008 அக்டோபர் 21 அன்று நன்கொடை திரட்டத் தொடங்கியது. 30 பேருந்துகளில் நான்கு வாரம் விளம்பரம் செய்ய 5,500 பவுண்டு போதும் என்பது கணக்கு. அதே அளவு தொகையைத் தானும் தருவதாக உயிரியலாளரும் நாத்திக எழுத்தாளருமான ரிச்சர்ட் டாக்கின்ஸ் வாக்களித்திருந்தார். ஆனால் நான்கே நாட்களில் ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டி, முடிவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் சேர்ந்தது. அதனால் 2009 ஜனவரி 6 அன்று விளம்பரம் தொடங்கியபோது பிரிட்டன் முழுவதும் 800 பேருந்துகளில் அது இடம்பெற்றது. அதில் எழுதியிருந்தது இதுதான்: 'கடவுள் அநேகமாக இல்லை. இனிக் கவலையை விடுங்கள், வாழ்க்கையை அனுபவியுங்கள்.' நரக பயத்துக்கு எதிராக எழுதிய வாசகம் என்பதை மறந்துவிட்டால் இரண்டாவது வரியின் பொருளே விளங்காது. என் கருத்தில் இது சீண்டலைவிட மறுமொழிக்கே நெருக்கமானது.

திருச்சி வாசகி: நாத்திகர்கள் ஏன் 'அநேகமாக' என்று தயங்கினார்கள்?

பதில்: விளம்பர விதிகளுக்கு அஞ்சி என்பது பாதி விடை. திட்டவட்டமாக மறுத்துச் சொன்னால் நிரூபிக்கச் சொல்வார்கள், மனம் புண்பட்டதாகப் புகாரும் வரும் என்பதால், அந்தச் சொல் பாதுகாப்பானது என்று ஆலோசனை கிடைத்தது. மறு பாதி, இல்லை என்பதை அறுதியிட்டு நிறுவ முடியாது என்று அவர்களில் பலரே கருதியது. டாக்கின்ஸ் 'ஏறக்குறைய நிச்சயமாக' என்று போடவே விரும்பினார்.

பெயர் தர விரும்பாதவர்: அப்படியானால் கடவுள் உண்டா, இல்லையா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கோவை வாசகர்: யாரும் புகார் கொடுக்கவில்லையா? நம் ஊராக இருந்தால் பேருந்தையே மறித்திருப்பார்கள்.

பதில்: கொடுத்தார்கள். கடவுள் இல்லை என்பதற்கு விளம்பரதாரர் ஆதாரம் காட்ட வேண்டும் என்று 'கிறிஸ்டியன் வாய்ஸ்' அமைப்பு கேட்டது. விளம்பரத் தர ஆணையத்துக்கு முன்னூற்றுக்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன. இது விளம்பரதாரரின் கருத்து, புறச் சான்றால் நிறுவக்கூடிய கூற்று அல்ல, பலருடைய நம்பிக்கைக்கு முரணாக இருந்தாலும் பரவலான மனக்காயத்தை உண்டாக்கக்கூடியது அல்ல என்று கூறி, ஆணையம் அந்த ஜனவரியிலேயே விசாரணையின்றிக் கோப்பை மூடியது. தெய்வ நிந்தனையைக் குற்றமாகக் கருதிய பழைய சட்டம் இங்கிலாந்தில் நீக்கப்பட்டதும் 2008-இல்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பலர் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. அடுத்த மாதமே 'கிறிஸ்தவக் கட்சி' என்ற சிறு அரசியல் கட்சி, கடவுள் நிச்சயமாக இருக்கிறார், ஆகவே எங்கள் கட்சியில் சேர்ந்து வாழ்க்கையை அனுபவியுங்கள் என்று எதிர் விளம்பரம் ஒட்டியது. அதன் மீது ஆயிரத்துக்கும் அதிகமான புகார்கள் குவிந்தன. நாத்திக விளம்பரத்தைவிட அதற்குத்தான் எதிர்ப்பு கூடுதல். கட்சி விளம்பரம் ஆணையத்தின் அதிகார வரம்புக்கு வெளியே இருந்ததால் அந்தப் புகார்களாலும் பயன் விளையவில்லை. மனம் புண்படுவது ஒரு தரப்புக்கு மட்டும் உரியது என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்ணிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பாளையங்கோட்டை வாசகர்: நான் திருச்சபையைச் சேர்ந்தவன். பிரிட்டனில் சபைகள் அனைத்தும் எதிர்த்தனவா?

பதில்: இல்லை. மெதடிஸ்ட் திருச்சபையின் சார்பில் பேசியவர், மக்களைக் கடவுளைப் பற்றிச் சிந்திக்கத் தூண்டியதற்காக டாக்கின்ஸுக்கு நன்றியே சொன்னார். 'தியோஸ்' என்ற கிறிஸ்தவ ஆய்வு மையம், இந்த விளம்பரம் மக்களைச் சமயத்தைப் பற்றி யோசிக்க வைக்கும் என்ற எண்ணத்தில் 50 பவுண்டு நன்கொடை கொடுத்தது. தன் நம்பிக்கையில் உறுதியாக நிற்பவர்களின் செயலாகவே இதை நான் மதிக்கிறேன். மறுபக்கம், சௌதாம்ப்டனில் ஓர் ஓட்டுநர் அந்தப் பேருந்தை ஓட்ட மறுத்தார். முடிந்தவரை அவருக்கு வேறு பேருந்து தருவதாக நிறுவனம் ஒப்புக்கொண்டது. அதுவும் கண்ணியமான தீர்வுதான்.

ஈரோடு வாசகர்: இணைத்துள்ள படத்தில் இருக்கும் பேருந்து வாசகம் உண்மையா?

பதில்: அன்று முதலே பேருந்துப் படத்தில் விரும்பிய வரியைப் பொருத்தி விளையாடுகிறார்கள். மதத்தை இழிவுபடுத்தும் வசை எழுதிய பேருந்துப் படம் கைக்கு வந்தால், எந்த ஊர், எந்த ஆண்டு, விளம்பரம் கொடுத்தது எந்த அமைப்பு என்று தெரியும்வரை யாருக்கும் அனுப்பாதீர்கள். நீங்கள் அனுப்பியதில் மூன்றுமே இல்லை.

சென்னை, சட்ட மாணவர்: பேருந்து நிறுவனம் இத்தகைய விளம்பரத்தை மறுத்தால் என்ன தவறு? பலகை அவர்களுடையது அல்லவா?

பதில்: இந்தப் பகுதியின் மையமான கேள்வி இதுதான். இதற்கு விரிவாகவே பதில் சொல்கிறேன்.

மறுத்தவர்கள் பலர். ஜெனோவாவில் இத்தாலிய நாத்திகர் சங்கத்தின் வாசகத்தை விளம்பர நிறுவனம் ஏற்கவில்லை. ஜெர்மனியில் நகரப் போக்குவரத்து நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிரித்ததால், 2009-இல் பிரச்சாரக் குழுவினர் தாங்களே ஒரு மாடிப் பேருந்தை வாடகைக்கு எடுத்து நாடு முழுவதும் சுற்றினார்கள். 'ஒருவேளை அவர் இருந்துவிட்டால்?' என்று எழுதிய கிறிஸ்தவர்களின் பேருந்து அதன் பின்னாலேயே ஊர் ஊராகச் சென்றது.

பலகை தனியாருடையது என்றால் பல நாடுகளில் விஷயம் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். அரசு அமைப்பின் பலகை என்றால், அமெரிக்காவில் பேச்சுரிமையைக் காக்கும் அரசியல் சாசனம் குறுக்கே வரும். ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் 2011-இல் போக்குவரத்து அமைப்பு நாத்திக விளம்பரத்தை நேரடியாக மறுக்கவில்லை. பேருந்துகளை யாரேனும் சேதப்படுத்தக்கூடும் என்று சொல்லி 36,000 டாலர் வரை காப்பீட்டு உத்தரவாதம் கேட்டது. தேவாலயங்கள் விளம்பரம் கொடுத்தபோது இப்படிக் கேட்டதில்லை. வழக்கு கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது, விளம்பரத்தை ஏற்குமாறு நீதிபதி உத்தரவிட்டார். யாரோ கல்லெறிவார்கள் என்ற அச்சத்தின் விலையைப் பேசுகிறவன் தலையில் கட்டுவது மறுப்பின் இன்னொரு வடிவம்தான்.

மீண்டும் சட்ட மாணவர்: அப்படியானால் எல்லா மத விளம்பரத்தையும், எல்லா நாத்திக விளம்பரத்தையும் சேர்த்துத் தடை செய்துவிட்டால் சமத்துவம் வந்துவிடுமே?

பதில்: அப்படிச் செய்தவர்கள் உண்டு. 2010 டிசம்பரில் டெக்சஸ் மாநில ஃபோர்ட் வொர்த் நகரில் நான்கே பேருந்துகளில், லட்சக்கணக்கான அமெரிக்கர்கள் கடவுள் இல்லாமலே நல்லவர்களாக இருக்கிறார்கள் என்ற விளம்பரம் வந்தது. சில போதகர்கள் பேருந்துகளைப் புறக்கணிக்க அழைப்பு விடுத்தார்கள். 'நான் இன்னமும் உன்னை நேசிக்கிறேன், இப்படிக்குக் கடவுள்' என்று எழுதிய வண்டி ஒன்று அந்தப் பேருந்துகளைத் தொடர்ந்து சென்றது. இறுதியில் போக்குவரத்து வாரியம் மதம் சார்ந்த விளம்பரங்கள் அனைத்துக்கும் கதவை மூடியது. தேவாலயங்களும் இடத்தை இழந்தன.

ஆனால் இந்தத் தடை நடுநிலையானதா என்பதில் நீதிமன்றங்களே பிளவுபட்டிருக்கின்றன. வாஷிங்டன் கத்தோலிக்க உயர் மறைமாவட்டத்தின் கிறிஸ்துமஸ் விளம்பரத்தை மெட்ரோ நிர்வாகம் மறுத்தது செல்லும் என்று 2018-இல் தலைநகர் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பென்சில்வேனியாவின் ஸ்க்ராண்டன் பகுதியில் மதம் சாராத ஒரு சுதந்திரச் சிந்தனையாளர் சங்கம் கொடுத்த விளம்பரத்தில் 'நாத்திகர்கள்' என்ற ஒரே ஒரு சொல்லும் சங்கத்தின் பெயரும் இணைய முகவரியுமே இருந்தன. சர்ச்சையை எழுப்பும் என்று அங்குள்ள போக்குவரத்து அமைப்பு அதை மறுத்தது. 2019-இல் மூன்றாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், இது பாரபட்சமே என்று தீர்த்தது. இரண்டு தீர்ப்புகளும் பேச்சுரிமையைக் காக்கும் ஒரே சாசனத் திருத்தத்தைப் படித்து எழுதப்பட்டவை. மறைமாவட்டத்தின் மனுவை உச்ச நீதிமன்றம் 2020-இல் ஏற்காததால் முரண்பாடு அப்படியே நிற்கிறது. ஒன்றில் கத்தோலிக்கர்களும் மற்றொன்றில் நாத்திகர்களும் பாரபட்சம் என்ற அதே வாதத்தை முன்வைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

மூன்றாம் முறை சட்ட மாணவர்: பயணி கட்டுண்ட பார்வையாளர் அல்லவா? விரும்பாத கருத்தைப் பார்க்கக் கட்டாயப்படுத்தலாமா?

பதில்: வலுவான வாதம். பேருந்துக்குள் ஒட்டியதற்கு அது ஓரளவு பொருந்தும். தெருவில் கடந்து போகும் பேருந்தின் வெளிப்புறத்துக்குப் பொருந்தாது. அதை ஏற்றால் வேதவசனப் பலகைக்கும் அதே அளவுகோலைப் பிடிக்க வேண்டும். அதற்கு நீங்கள் தயாரா என்பதை எழுதுங்கள். இந்த விவாதத்தில் எனக்கு விருப்பம் அதிகம்தான், ஆனாலும் மற்றவர்களுக்கும் இடம் தர வேண்டும்.

தஞ்சை வாசகர்: பெரியார் சிலைப் பீடங்களில் உள்ள வாசகமும் நாத்திக விளம்பரம்தானே?

பதில்: அது பணம் கட்டிப் பெற்ற விளம்பர இடம் அல்ல. சிலையின் அங்கமாக, ஒரு மனிதர் வாழ்நாள் முழுவதும் சொன்னதைப் பதித்திருக்கிறார்கள். அதை அகற்றக் கோரிய மனுவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019-இல் தள்ளுபடி செய்தது. 'கடவுள் இல்லை' என்பது பல பத்தாண்டுகளாகத் தெருமுனையில் நிற்கும் மாநிலத்தில், லண்டன் பேருந்தின் 'அநேகமாக' ஏன் இவ்வளவு பரபரப்பானது என்று வியப்பவர்கள் இருப்பது இயல்பு. மற்றபடி பெரியாரைப் பற்றிய கேள்விகளுக்கு என்னைவிடத் தகுதியானவர்கள் உண்டு.

சேலம் வாசகர்: விளம்பரத்தின் சரியான வாசகம் என்ன?

பதில்: முதல் பதிலில் இருக்கிறது. தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள். படங்களை அனுப்புபவர்களும் ஈரோடு வாசகருக்குச் சொன்னதைப் பார்க்கவும்.

பெயர் தர விரும்பாதவர்: கடவுள் இல்லை என்று ஆதாரம் இல்லாமல் சொல்லலாமா?

பதில்: கோவை வாசகருக்குத் தந்த பதிலில் ஆணையத்தின் விளக்கம் இருக்கிறது.

நாகர்கோவில் வாசகி: ஐயா, பேருந்தைப் பார்த்து யாராவது மதத்தை விட்டார்களா? இல்லையென்றால் இத்தனை செலவு எதற்கு?

பதில்: மனம் மாற்றுவதுதான் நோக்கம் என்று வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள், அம்மா. அயோவா மாநிலத்தின் டி மொயின் நகரில் 2009-இல் ஓடிய விளம்பரத்தில், கடவுள் நம்பிக்கை இல்லையா, நீங்கள் தனியாக இல்லை என்று மட்டுமே எழுதியிருந்தது. ஏற்கெனவே நம்பிக்கை இழந்து, வீட்டிலும் வேலையிடத்திலும் வாய் திறக்க முடியாமல் இருப்பவரை நோக்கிச் சொன்ன வார்த்தை அது. புகார்கள் வந்ததும் போக்குவரத்து நிர்வாகம் அதைக் கழற்றியது, கண்டனம் எழுந்த பின் சில நாட்களில் திரும்ப ஒட்டியது. அந்தப் பேருந்தில் தினமும் போய் வந்த ஒருவர், அந்த வரி ஒட்டப்பட்டதையும் காணாமல் போனதையும் மறுபடி வந்ததையும் பார்த்திருப்பார். அவரைப் போன்ற ஒருவருக்காகத்தான் அந்தச் செலவு.