குணமானவர்களை மட்டும் எண்ணலாமா? – மருத்துவர் பதில்கள்

கொரோனாக் காலத்தில் மருந்து தேடி அலைந்த அனுபவங்களையும், அதில் இன்னும் தீராமல் இருக்கும் ஐயங்களையும் எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். நகரி, புத்தூர், சத்தியவேடு, சூளூர்பேட்டை என ஆந்திர எல்லை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களே மிகுதி. தெலுங்குப் பள்ளிகளில் படித்தவர்கள் சிலர் தமிழைத் தெலுங்கு எழுத்திலேயே எழுதியிருந்தார்கள். அவற்றைப் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டுத்தான் பதில் எழுதுகிறேன்.

“2021 மே மாதம் என் மாமாவுக்குக் கொரோனா வந்தபோது கிருஷ்ணப்பட்டினம் மருந்தை வாங்கிவந்து கொடுத்தோம். ஐந்தாம் நாள் எழுந்து உட்கார்ந்துவிட்டார். எங்கள் தெருவில் அதைச் சாப்பிட்ட பதினொரு பேரும் பிழைத்தார்கள். கண்ணால் கண்டதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும், ஐயா? நாட்டு மருந்து என்றாலே ஆங்கில மருத்துவர்கள் முகம் சுளிப்பது ஏன்?” – வாசகர், சூளூர்பேட்டை

உங்கள் மாமா தேறியதில் எனக்கும் மகிழ்ச்சி. நெல்லூர் மாவட்டத்தின் அந்தத் துறைமுக ஊருக்கு அன்று ஆயிரக்கணக்கானோர் திரண்டதை நான் குறை சொல்லமாட்டேன். படுக்கை இல்லை, ஆக்சிஜன் இல்லை என்று மருத்துவமனைகள் கைவிரித்த நாள்களில், காசு வாங்காமல் மருந்து கொடுப்பவரைத் தேடி மக்கள் போகத்தான் செய்வார்கள். ஆனாலும் உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லவேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

கொரோனா தொற்றிய நூறு பேரில் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டோர், எதைச் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் தேறினார்கள். அந்த நூறு பேருக்கும் சீரகத் தண்ணீரைக் கொடுத்திருந்தால் சீரகத் தண்ணீருக்கும் தெருவுக்குத் தெரு சாட்சிகள் கிடைத்திருப்பார்கள். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் மருந்து தேடி ஓடுகிறோம். உச்சத்துக்குப் பின் இறங்குவது காய்ச்சலின் இயல்பு. இறங்கியதும் கடைசியாகக் கொடுத்த மருந்துக்கே பெருமை சேர்கிறது. மருந்தைச் சாப்பிட்டும் இறந்துபோனவர் திரும்பி வந்து சாட்சி சொல்வதில்லை. ஆகவே குணமானவர்களை மட்டும் எண்ணி எந்த மருந்தையும் மதிப்பிட முடியாது. அதே வயதும் அதே நோய்நிலையும் கொண்ட இரண்டு கூட்டங்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒன்றுக்கு மருந்தைக் கொடுத்து, மற்றொன்றுக்கு வழக்கமான சிகிச்சையை மட்டும் கொடுத்து, இரண்டிலும் இறந்தவர்களை எண்ணிப் பார்க்கவேண்டும். சீட்டுக் குலுக்காவிட்டால், பயணம் செய்து வரிசையில் நிற்கும் அளவுக்கு உடம்பில் வலு இருந்தவர்களே மருந்து வாங்கியவர்களாக அமைந்துவிடுவார்கள்; அவர்கள் பிழைத்ததற்கு அந்த வலுவே காரணமாக இருக்கலாம்.

ஆந்திர அரசு அம்மருந்து வழங்குவதை இடையில் நிறுத்தி ஆய்வுக்கு அனுப்பியது. பிறகு மே 31 அன்று, கண்ணில் விடும் சொட்டு மருந்தை நிறுத்திவைத்து, வாயால் உண்ணும் மருந்துகளுக்கு இசைவளித்தது. தீங்கு தெரியவில்லை என்பதற்காகக் கிடைத்த இசைவு அது. குணமாக்குகிறது என்று மெய்ப்பித்ததால் கிடைத்ததன்று.

முகம் சுளிப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். 2015ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றவர்களில் ஒருவரான சீனத்து து யூயூ, பழைய மருத்துவ ஏட்டில் படித்த ஒரு மூலிகையிலிருந்து மலேரியா மருந்தைப் பிரித்தெடுத்தவர். அதே பரிசைப் பங்கிட்டுக்கொண்ட மற்ற இருவரின் கண்டுபிடிப்பிலிருந்து வந்தது ஐவர்மெக்டின். அது ஜப்பானிய மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து கிடைத்தது. புழு நோய்களுக்கு அது அருமையான மருந்து. கொரோனாவுக்கும் கேட்கும் என்று நம் ஊர்களில் கைநிறைய விழுங்கினார்கள். பிரேசிலில் 1,358 நோயாளிகளிடம் சீட்டுக் குலுக்கிச் சோதித்தபோது, மருத்துவமனையில் சேரவேண்டிய நிலையை அது குறைக்கவில்லை என்று தெரிந்தது. நோபல் பரிசு பெற்ற மருந்தும் இந்தச் சோதனைக்குத் தப்பவில்லை.

கொரோனாவிலிருந்து தேறியவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்து நோயாளிக்கு ஏற்றிய பிளாஸ்மாவும் அப்படித்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் 39 மருத்துவமனைகளில் 464 பேரிடம் நடத்திய ஆய்வில், பிளாஸ்மா பெற்ற 235 பேரில் 34 பேர் இறந்தார்கள். பெறாத 229 பேரில் 31 பேர் இறந்தார்கள். அதன் முடிவு அந்த ஆண்டு அக்டோபரிலேயே வெளிவந்தும், தேசியச் சிகிச்சை நெறிமுறையிலிருந்து பிளாஸ்மாவை நீக்க 2021 மே 17 வரை ஆனது. இடைப்பட்ட ஏழு மாதங்களில் எத்தனை குடும்பங்கள் வாட்ஸ்அப்பில் ரத்த வகையைப் போட்டு நள்ளிரவில் கெஞ்சின என்பதை எண்ணினால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

“புதிய மருந்து கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் ஆகும் என்று பாடத்தில் படித்தேன். 2020இலேயே ஒரு மருந்து உயிரைக் காக்கும் என்று எப்படி உறுதி செய்தார்கள்?” – கல்லூரி மாணவி, சத்தியவேடு

புதிதாகச் செய்ய நேரமில்லாதபோது கையில் இருப்பதைச் சோதித்தார்கள். 2020 மார்ச்சில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் பிரிட்டன் முழுவதும் உள்ள மருத்துவமனைகளைச் சேர்த்து ‘ரிகவரி’ என்ற ஆய்வைத் தொடங்கினார்கள். நோயாளி சேர்ந்ததும், எந்த மருந்து என்பதைக் கணினி குலுக்கிச் சொல்லும். மருத்துவருக்கு அதில் விருப்பு வெறுப்பு இல்லை. படிவம் மிகச் சுருக்கமானது. அதனால்தான் பெருந்தொற்றின் நெருக்கடியிலும் ஆயிரக்கணக்கானோரைச் சேர்க்க முடிந்தது.

அப்படிச் சோதித்தவற்றுள் ஒன்று, 1957 முதல் இருந்துவரும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. 2,104 பேருக்கு அதைக் கொடுத்தார்கள். 4,321 பேருக்கு வழக்கமான சிகிச்சை. ஜூன் 16 அன்று முடிவை அறிவித்தார்கள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில், மருந்தில்லாமல் நூற்றுக்கு 41 பேர் இறக்க, மருந்து பெற்றவர்களில் 29 பேர் இறந்தார்கள். ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களில் 26 என்பது 23 ஆகக் குறைந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கோ எந்தப் பயனும் இல்லை. அவர்களில் மருந்து பெற்றோரிடையே இறப்பு சற்றுக் கூடுதலாகவே தெரிந்தது.

காரணம் இது. முதல் வாரத்தில் கிருமி பெருகுகிறது. அப்போது உடலின் எதிர்ப்புச் சக்தியை ஸ்டீராய்டு கொண்டு அடக்குவது கிருமிக்கு வழிவிடுவதாகும். சிலருக்கு இரண்டாம் வாரத்தில் அந்த எதிர்ப்புச் சக்தியே கட்டுமீறி நுரையீரலைப் புண்ணாக்குகிறது. அப்போதுதான் ஸ்டீராய்டு காக்கிறது. எந்த மருந்து என்பதோடு எந்த நாளில் என்பதும் சேர்ந்தே விடை.

ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் என்ற மலேரியா மாத்திரை பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். பிரான்ஸில் மார்செய் நகரில் 36 நோயாளிகளை மட்டும் கொண்டு நடந்த, சீட்டுக் குலுக்காத ஓர் ஆய்வு உலகையே அதன் பின்னால் ஓடவைத்தது. மருத்துவப் பணியாளர்கள் முன்தடுப்பாக அதை உண்ணலாம் என்று நம் நாட்டிலும் அறிவுரை வந்தது. நானும் வாரந்தோறும் விழுங்கியவன்தான். ரிகவரி ஆய்வில், அதைப் பெற்ற நோயாளிகளில் நூற்றுக்கு 27 பேரும், பெறாதவர்களில் 25 பேரும் இறந்தார்கள். மார்செய்க் கட்டுரை 2024 டிசம்பரில் திரும்பப் பெறப்பட்டது.

“அந்த ஸ்டீராய்டு மாத்திரையை அவசரத்துக்கு வீட்டில் வைத்துக்கொள்ளலாமா? மருந்துக் கடையில் கேட்டால் கொடுக்கிறார்கள்.” – வாசகி, புத்தூர்

கூடாது, அம்மா. மேலே சொன்ன காரணத்தால், காய்ச்சல் கண்ட முதல் நாளே அதை விழுங்குவது ஆபத்து. சர்க்கரை நோயாளிகளுக்கு அது சர்க்கரையைத் தாறுமாறாக ஏற்றிவிடும். 2021 கோடையில் கருப்புப் பூஞ்சை நோயால் பலர் கண்ணையும் சிலர் உயிரையும் இழந்ததற்கு, கட்டுக்கடங்காத சர்க்கரையும் அளவின்றி உட்கொண்ட ஸ்டீராய்டும் முக்கியக் காரணங்கள். வீட்டில் வைத்துக்கொள்ளவேண்டுமானால் விரல் நுனியில் மாட்டும் ஆக்சிஜன் அளவுமானியை வைத்துக்கொள்ளுங்கள். மூச்சுவாங்கினாலோ 94க்குக் கீழே காட்டினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

“எங்கள் நைனா விசைத்தறி ஓட்டியவர். 2021 மே மாதம் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். ஆறாம் நாள் வென்டிலேட்டர் வைத்துவிட்டு, ரெம்டெசிவிர் ஆறு குப்பி கொண்டுவரும்படி சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். சென்னையில் இரண்டு நாள் வரிசையில் நின்றேன், கிடைக்கவில்லை. திரும்பி வருவதற்குள் இறந்துவிட்டார். இன்னும் கொஞ்சம் முன்னதாகப் போயிருந்தால் பிழைத்திருப்பாரா, டாக்டர்? சிகிச்சைக் குறிப்புகளின் நகலை இணைத்திருக்கிறேன்.” – வாசகர், நகரி

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த ஆறு குப்பிகள் கிடைத்திருந்தாலும் உங்கள் தந்தை பிழைத்திருப்பார் என்று நினைக்க ஆதாரம் எதுவும் இல்லை.

ரெம்டெசிவிர், எபோலாவுக்காகக் காங்கோவில் சோதிக்கப்பட்டு அங்கே பின்தங்கிப்போன மருந்து. கொரோனாவில், நோயாளிகள் தேறும் நாள்களை அது பதினைந்திலிருந்து பத்தாகக் குறைத்ததாக அமெரிக்க ஆய்வொன்று காட்டியதால் நம்பிக்கை பிறந்தது. பின்னர் உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் நடத்திய ஆய்வின் இடைக்கால முடிவு 2020 அக்டோபரில் வெளிவந்தது: மருந்து பெற்ற 2,743 பேரில் 301 பேரும், பெறாத 2,708 பேரில் 303 பேரும் இறந்திருந்தார்கள். 2022இல் வந்த இறுதி முடிவு, ஆக்சிஜன் நிலையில் இருந்தவர்களுக்குச் சிறு பயன் இருப்பதைக் காட்டியது. தொற்றிய முதல் வாரத்திலேயே கொடுத்தால் நோய் முற்றாமல் தடுக்கிறது என்பதும் வேறோர் ஆய்வில் தெரிந்தது. ஆனால் வென்டிலேட்டர் வைத்தபின் கொடுத்தவர்களுக்கு எந்தப் பயனும் காணப்படவில்லை. கிருமியைத் தடுக்கும் மருந்து அது. உங்கள் கையில் சீட்டு வந்த நாளில் உங்கள் தந்தையைக் கிருமியைவிட அதிகமாக வருத்தியது நுரையீரலின் அழற்சி.

இவற்றுள் அந்த இடைக்கால முடிவு, உங்கள் மருத்துவமனை சீட்டு எழுதுவதற்கு ஏழு மாதங்களுக்கு முன்பே வெளிவந்திருந்த செய்தி. நோயாளியின் பக்கத்தில் இருக்கவேண்டிய மகனை ஊருக்கு ஊர் ஓடவிட்டது தவறு. அந்தத் தவறு உங்களுடையதன்று, மருத்துவர்களாகிய எங்களுடையது.

நீங்கள் இணைத்த குறிப்புகளை முழுவதும் பார்த்தேன். சேர்ந்த அன்று மாலையே ஆக்சிஜன் தொடங்கி, டெக்ஸாமெத்தசோன் 6 மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறார்கள். செவிலியர் ஒவ்வொரு நாளும் நேரம் குறித்துக் கையொப்பமிட்டிருக்கிறார். அந்த நிலையில் இருந்தவருக்கு உயிர்காக்கும் என்று அன்று மெய்ப்பிக்கப்பட்டிருந்த மருந்து அது. மிக மலிவான, எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும் மருந்து என்பதால் அதற்காக உங்களை யாரும் வரிசைக்கு அனுப்பவில்லை. ஆகையால் அதன் பெயர்கூட உங்கள் கடிதத்தில் இல்லை. உங்கள் தந்தைக்கு அது ஒரு வேளைகூடத் தவறாமல் கொடுக்கப்பட்டிருக்கிறது.