புதுப் பனல் வரும்வரை பொறுக்கட்டுமா?

கேள்வி: ஐயா, தோட்டக் கிணற்றுக்குச் சோலார் மோட்டர் பூட்ட நினைத்திருக்கிறேன். பெரொவ்ஸ்கைட் என்று புதுப் பனல் வரப்போகிறதாம், அதில் பிளாஸ்டிக் பூச்சும் இருக்கிறதாம் என்று கம்பஸில் படிக்கும் மகன் சொல்கிறான். பிளாஸ்டிக்கில் கரண்ட் ஓடுமா? பொறுத்து வாங்கட்டுமா?
— ஒரு வாசகர், விசுவமடு

பதில்: பொறுக்க வேண்டாம். இந்தக் கோடைக்கு முன்னமே சிலிக்கன் பனலைப் பூட்டிவிடுங்கள். ஆனால் மகன் சொன்னதும் சரிதான்.

சாதாரண பிளாஸ்டிக்கில் கரண்ட் ஓடாது. மூலக்கூற்றுச் சங்கிலியில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி வரும் பொலிமரில், அதாவது ஒருவகைப் பிளாஸ்டிக்கில், ஓட வைக்கலாம். அதைக் காட்டிய ஹீகர், மக்டியார்மிட், சிரகாவா மூவருக்கும் 2000இல் நோபல் பரிசு கிடைத்தது.

பெரொவ்ஸ்கைட் என்பது ஒளியை உறிஞ்சும் ஒருவகைப் பளிங்கு. அதில் சூரியக் கலத்தை ஜப்பானில் மியாசக்கா குழு 2009இல் செய்தபோது திறன், அதாவது வெயிலில் மின்னாக மாறும் பங்கு, 3.8 வீதம். இன்று ஆய்வுகூடத்தில் 26 வீதத்தைத் தாண்டிவிட்டது. சிக்கல் அது நின்று பிடிப்பதில்தான். வெயில் பட்டதும் உள்ளே இலத்திரனும், அது விட்டுப்போன வெற்றிடமான துளையும் பிரியும். துளை நேரேற்றம்போல நகரும். துளையை வாங்கி மின்வாயில் சேர்க்க மெல்லிய படையொன்று வேண்டும். அதற்குப் பலரும் பூசுவது ஸ்பைரோ என்ற பொருள். அது தனியே நன்றாகக் கடத்தாது என்பதால் லிதியம் உப்பொன்றைக் கலக்கிறார்கள். மாரியில் குசினியில் ஆனையிறவு உப்புப் போத்தல் கசிந்து நிற்குமே, இந்த உப்பும் அப்படித்தான் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் கீழே இறங்கினால் கறுப்புப் பெரொவ்ஸ்கைட் சிதைந்து மஞ்சள் ஈய அயடைட்டாகிவிடும்.

அதனால்தான் உப்பே தேவைப்படாத பொலிமரைத் தேடுகிறார்கள். நடுச்சங்கிலி மின்னேற்றத்தைக் கொண்டுபோகும். பக்கத்தில் தொங்கும் ஐதரோகாபன் வால்கள் எண்ணெய்போல நீரை ஒட்டவிடாது. வால் நீண்டால் சங்கிலிகள் விலகிப்போய், ஏற்றம் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவச் சிரமப்படும். குறுகினால் பொலிமர் கரையாது, பூசவே முடியாது. இந்த அளவைப் பிடிப்பதற்குள் எத்தனை பேருடைய இளமை போயிருக்கும் என்று நான் நினைப்பதுண்டு. பி3எச்டி என்ற பொலிமரை உப்பில்லாமல் பூசி, 2019இல் கொரியக் குழுவொன்று 22.7 வீதம் எடுத்தது. காப்பிட்ட கலம் விடாத ஒளியில் 1370 மணித்தியாலம் தாங்கியது. பெரிய சாதனை, ஆனால் கணக்குப் பார்த்தால் 57 நாள். உங்கள் கிணற்றடியில் 20 வருடமாவது நிற்கவேண்டும்.

2010இல் மீள்குடியேறி வந்து தறப்பாள் கொட்டிலின் முன்னால் நான் கட்டிய சின்னப் பனல் இப்பவும் என் கூரையில் இருக்கிறது. ஒரு மூலையில் கண்ணாடிக்குள்ளே ஈரம் புகுந்து வெள்ளிக் கோடுகள் கபிலமாகிவிட்டன. ஆனாலும் கைத்தொலைபேசி இரண்டுக்கு அது சார்ஜ் ஏற்றுகிறது. அந்த மூலையில் இன்றைய பெரொவ்ஸ்கைட் இருந்திருந்தால் ஒரு மாரிகூடத் தாங்கியிராது.

புதுப் பனல் கடைக்கு வந்தால், 85 பாகை வெப்பத்திலும் 85 வீத ஈரப்பதனிலும் 1000 மணித்தியாலம் வைத்துச் சோதித்ததா என்று மகனைக் கேட்கச் சொல்லுங்கள். கிளிநொச்சிப் பக்கம் வந்தால் என் வீட்டுக்கும் வரட்டும். ஏணி வைத்து அந்த மூலையைக் காட்டுகிறேன்.