மழைக்கால விடுமுறையும் வீவக அடுப்படியும்: கேள்வி பதில்

சிங்கப்பூரில் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை வந்துவிட்டது, வடகிழக்குப் பருவமழையும் கூடவே வந்துவிட்டது. பிள்ளைகள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில், துணி காயவில்லை, சாயங்காலம் கீழே இறங்க முடியவில்லை. கேக், பிஸ்கட் பற்றிக் கேள்விகள் குவிவதும் இந்த ஆறு வாரத்தில்தான். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். நாம் பார்க்கும் சமையல் குறிப்புகளில் பாதி, குளிர்நாட்டு அடுப்படியில் எழுதப்பட்டவை. கீழே உள்ள சிக்கல்களில் பாதிக்கும் அதுதான் காரணம்.

அக்கா, மூவறை வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். அடுப்படியில் ஒருவர்தான் நிற்கலாம். ஓவன் வாங்கலாமா, ஏர் ஃபிரையரே போதுமா? (செங்காங்)

ஏர் ஃபிரையர் கையில் இருந்தால் இந்த விடுமுறைக்கு அதுவே போதும். ஆறு அங்குல கேக் வரும், ஒரு ஈடுக்கு எட்டுப் பத்து பிஸ்கட் வரும். உள்ளே காற்று வேகமாகச் சுழல்வதால் மேல்பக்கம் சீக்கிரம் கருகும். குறிப்பில் 180 டிகிரி என்றிருந்தால் 160இல் வையுங்கள். கேக் உப்பி நின்றதும் அலுமினியத் தாளால் மூடலாம், ஆனால் ஓரத்தைத் தட்டோடு சேர்த்து இறுக்கி மடியுங்கள். தளர்வாக இருந்தால் தாள் பறந்துபோய்ச் சூட்டுக்கம்பியில் ஒட்டும்.

வாங்கியே ஆவேன் என்றால் 30 லிட்டருக்குக் குறையாத மேசை ஓவனாகப் பாருங்கள். அதைவிடச் சிறியதில் கேக்கின் தலை கம்பியை முட்டும். இவை பெரும்பாலும் 1,500 முதல் 2,000 வாட் வரை இழுக்கும். நம் வீட்டு மூன்றுமுனை பிளக் 13 ஆம்பியர், மின்சாரம் 230 வோல்ட், ஆக ஒரு பிளக் தாங்குவது ஏறத்தாழ 3,000 வாட். ஓவனையும் கெட்டிலையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் மாட்டினால் அந்த அளவு தாண்டிவிடும். ஓவனைச் சுவர் பிளக்கிலேயே நேராகச் செருகுங்கள், மேலேயும் பின்னாலேயும் காற்றுப்போக இடம் விடுங்கள். கூடவே உள்ளே தொங்கவிடும் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சின்ன ஓவன்கள் வெளியே 180 காட்டிக்கொண்டு உள்ளே 160ஆகவும் இருக்கும், 200ஆகவும் இருக்கும்.

வீட்டில் இட்லிப் பானை இருக்கிறதுதானே? அடுக்கடுக்காக ஊற்றி வேகவைக்கும் குவே லாப்பிஸ், கீழே ஒட்டும் அரிசியும் மேலே பாண்டான் என்னும் வாசனை இலையின் கஸ்டர்டுமாக வரும் குவே சலாட், இரண்டுக்கும் ஆவி போதும். மூடியில் துணி சுற்றுங்கள், இல்லாவிட்டால் நீர் சொட்டி மேல்தளம் அம்மைத் தழும்பாகிவிடும்.

எந்த பிஸ்கட் செய்தாலும் ஓவனுக்குள் பரவி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. மாவு அளவு சரியாகத்தான் போடுகிறேன். (யீஷூன்)

மாவில் குறை இல்லை, வெண்ணெய் இளகிவிடுகிறது. "வெண்ணெய் அறை வெப்பத்தில் இருக்க வேண்டும்" என்று குறிப்பில் போட்டிருக்கும். எழுதியவரின் அறை 20 டிகிரி, உங்கள் அடுப்படி 30, அதோடு ஓவனும் எரிகிறது. சர்க்கரையோடு அடிக்கும்போது வெண்ணெய் காற்றைப் பிடித்து வைக்க வேண்டும், அதற்கு 18 முதல் 20 டிகிரி வரைதான் தோது. இளகிப்போன வெண்ணெயில் காற்று நிற்காது. சூடு பட்டதும் மாவு இறுகுவதற்கு முன்பே அது ஓடிவிடும்.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்துச் சிறு துண்டுகளாக வெட்டி, விரலால் அழுத்தினால் பள்ளம் விழுகிற பதம் வந்ததுமே அடிக்கத் தொடங்குங்கள். நம் ஊரில் பத்து நிமிடமே அதிகம். பிடித்து வைத்த பிஸ்கட்டுகளைத் தட்டோடு அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து, நேராக ஓவனுக்குக் கொண்டுபோங்கள். அடுத்த ஈட்டைச் சூடான தட்டில் வைக்கவே கூடாது. இதைத்தான் நிறையப் பேர் கவனிப்பதில்லை. முதல் ஈடு அழகாக வந்து இரண்டாவது ஈடு பரவினால் தட்டுதான் காரணம்.

இன்னொரு யோசனை. இந்தப் பருவத்தில் சில நாள் வானம் மூடிக்கொண்டு விடாமல் பெய்யும், வெப்பம் 23, 24க்கு இறங்கும். வருடத்தில் வெண்ணெய் வேலைக்கு நமக்குக் கிடைக்கும் நல்ல நாள்கள் அவை. டார்ட், பஃப் எல்லாவற்றையும் அந்த நாளுக்கு ஒதுக்குங்கள். வெயில் அடிக்கும் நாளில் எண்ணெய் ஊற்றிச் செய்யும் கேக் செய்யுங்கள்.

தீபாவளிக்குச் செய்யும் நெய் பிஸ்கட்டுக்கு அளவு சொல்லுங்கள் அக்கா. வாயில் போட்டதும் கரைய வேண்டும். (தோ பாயோ)

மைதா 240 கிராம், நெய் 150 கிராம், பொடித்த சர்க்கரை 110 கிராம், சோடா உப்பு அரைத் தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. மைதாவை வெறும் வாணலியில் நிறம் மாறாமல் ஐந்து நிமிடம் வறுத்து, முழுவதும் ஆறவிட்டுச் சலியுங்கள். கரையும் பதத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

நம் அலமாரியில் நெய் பாதி உறைந்தும் பாதி ஓடியும் நிற்கும். அப்படியே அளந்தால் ஒருநாள் பிஸ்கட் உதிரும், மறுநாள் பரவும். கொஞ்சம் குளிரவைத்து, களிம்புப் பதத்தில் எடுங்கள். பிசையாதீர்கள், விரல்நுனியால் சேர்த்தால் போதும். சின்ன நெல்லிக்காய் அளவு உருட்டி 160 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம். அடிப்பக்கம் இலேசாகச் சிவந்திருக்க வேண்டும், மேலே வெளுத்தே இருக்கட்டும். வெளியே எடுத்தவுடன் தொட்டால் உடையும், தட்டிலேயே ஆறவிடுங்கள்.

மழை நாளில் டின்னில் போட்டாலும் நமத்துப்போகிறது.

முழுக்க ஆறுவதற்கு முன் மூடியிருப்பீர்கள். அல்லது ஒரே பெரிய டின்னை நாளுக்கு இருபது தடவை திறப்பீர்கள். சின்னச் சின்ன டப்பாக்களாகப் பிரித்துப் போடுங்கள். நமத்ததை 150 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்து ஆறவிட்டால் மறுபடி மொறுமொறுக்கும்.

மாமியார் முட்டை தொடமாட்டார். கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டார் தரும் கேக் மாதிரி ஒன்று அவருக்கும் செய்துதர ஆசை. பிராந்தியும் கூடாது. (உட்லண்ட்ஸ்)

செய்யலாம். உலர்ந்த திராட்சை, பேரீச்சை, ஆரஞ்சுத் தோல், செர்ரி எல்லாவற்றையும் பிராந்திக்குப் பதில் கடுங்கட்டஞ்சாயாவிலும் ஆரஞ்சுச் சாற்றிலும் ஓர் இரவு ஊறப்போடுங்கள், குளிர்பெட்டிக்குள். மதுவில் ஊறியது மாதக்கணக்கில் நிற்கும், சாற்றில் ஊறியது இரண்டு நாளில் புளிக்கத் தொடங்கும். ஆகவே முன்கூட்டியே ஊறப்போட வேண்டாம். கேக்கும் அதே மாதிரிதான், மூன்றாம் நாளிலிருந்து குளிர்பெட்டியில் வையுங்கள்.

முட்டைக்குப் பதிலாகத் தயிர், ஒரு முட்டைக்குச் சுமார் 60 கிராம். தயிரின் புளிப்பும் சோடா உப்பும் சேர்ந்துதான் கேக்கை எழுப்புகின்றன. ஒரு கப் தயிருக்கு அரைத் தேக்கரண்டி சோடாவுக்கு மேல் போட்டால் சோப்பு வாடை வரும். இரண்டும் சேர்ந்த நிமிடத்திலிருந்தே குமிழி கிளம்பி அடங்கத் தொடங்கும் என்பதால், ஓவன் சூடான பிறகே கலக்குங்கள். இனிப்பான கண்டென்ஸ்டு மில்க் சேர்த்த கேக்கும் முட்டையில்லாமல் மென்மையாக வரும்.

எந்த கேக்கிலும் முட்டையை எடுத்துவிடலாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். ஷிஃபான் போன்றவை முட்டை வெள்ளையின் நுரையிலேயே நிற்பவை. ஐரோப்பிய, ஆசிய வழிவந்த யூரேஷியர்கள் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் சுஜி கேக்கும் அப்படித்தான், மஞ்சள் கருக்கள் தாராளமாகப் போகும். முட்டை சாப்பிடுபவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கு அதைச் செய்து பாருங்கள். ரவையை வெண்ணெயோடு சேர்த்துச் சில மணி நேரம் ஊறவிட்டு, பாதாம் பொடி போட்டுச் சுடுவது. நம் கேசரிக்குப் பழகிய நாக்கு சட்டென்று ஒட்டிக்கொள்ளும். பழக் கேக்கைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

மதுரையிலிருந்து வந்து ஒரு வருடம் ஆகிறது. இங்கே எல்லாரும் சாப்பிடும் பச்சை பாண்டான் கேக் செய்தேன். ஓவனில் உயரமாக இருந்தது, வெளியே எடுத்ததும் உட்கார்ந்துவிட்டது. (பொங்கோல்)

என்ன தட்டில் சுட்டீர்கள்? நான்ஸ்டிக் தட்டு என்றால் அங்கேயே விடை இருக்கிறது. பாண்டான் கேக் ஷிஃபான் வகை, அதன் மாவு தட்டின் சுவரைப் பற்றிக்கொண்டுதான் மேலே ஏறும். நடுவில் குழாய் உள்ள சாதா அலுமினியத் தட்டு வேண்டும், எண்ணெயோ வெண்ணெயோ தடவவே கூடாது. ஓவனிலிருந்து எடுத்த கையோடு தலைகீழாகக் கவிழ்த்து, கழுத்து ஒடுங்கிய பாட்டிலில் நடுக்குழாயைச் செருகி நிற்கவையுங்கள். ஒன்றரை மணி நேரமாவது தொடக்கூடாது. நிமிர்த்தி வைத்து ஆறவிட்டால் தன் பாரத்திலேயே அமிழும்.

உள்ளே வேகாமல் எடுத்தாலும் உட்காரும். மூங்கில் குச்சி ஈரமில்லாமல் வந்த பிறகும் ஐந்து நிமிடம் விடலாம். வெள்ளைக் கரு அடிக்கும் பாத்திரத்தில் துளி எண்ணெய்ப்பிசுக்கும் இருக்கக்கூடாது, பிளாஸ்டிக் பாத்திரம் வேண்டவே வேண்டாம்.

நிறத்துக்குப் பச்சைச் சாயம் ஊற்றாதீர்கள். பாண்டான் இலையைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டி, இரவு முழுவதும் குளிர்பெட்டியில் வைத்தால் அடர்பச்சை கீழே தங்கும். மேலே நிற்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டு அடியில் உள்ளதைத் தேங்காய்ப்பாலோடு சேருங்கள். தேக்கா சந்தையில் இலை கட்டுக்கட்டாகக் கிடைக்கும். வீட்டிலும் ஒரு தொட்டியில் வளரும்.

பிரெட் மாவு ஒன்றரை மணி நேரத்தில் உப்ப வேண்டும் என்றார்கள். எனக்குப் பொங்கி வழிந்து புளித்துவிட்டது.

மணியைப் பார்க்காதீர்கள், மாவைப் பாருங்கள். இங்கே முக்கால் மணியிலேயே இரட்டிப்பாகிவிடும். ஐஸ் தண்ணீரில் பிசையுங்கள், ஈஸ்ட்டைக் கால்பங்கு குறையுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் இரவில் பிசைந்து குளிர்பெட்டியில் வைத்துவிடலாம், மெதுவாக எழும், ருசியும் கூடும்.

நாலு வயது, எட்டு வயது. இரண்டு பேரையும் ஆறு வாரம் கேக் செய்தே சமாளிக்க முடியாது. வேறு என்ன செய்வது? (ஜூரோங் வெஸ்ட்)

முடியாதுதான், செய்யவும் வேண்டாம். வாரத்துக்கு ஒருமுறை ஓவன் போதும். பெரியவனிடம் தராசைக் கொடுங்கள், கிராம் கணக்கு அவன் பொறுப்பு. சின்னவளுக்கு உருட்டும் வேலை, கோணல்மாணலாக வந்தால் வரட்டும்.

மழை பெரும்பாலும் மதியத்துக்குமேல்தான் பிடிக்கும், காலை வேளையைப் பயன்படுத்துங்கள். உங்கள் பக்கத்திலிருந்து சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகம் தூரமில்லை, நுழைவுக் கட்டணமும் இல்லை. செப்டம்பர் முதல் மார்ச் வரை வடக்கே சைபீரியா போன்ற இடங்களிலிருந்து கரைப்பறவைகள் வந்து தங்கும். நீர் உடும்பு வழியில் குறுக்கே போகும், சில நாள் முதலையும் தெரியும். நாலு வயதுக்கு இதைவிடப் பெரிய வேடிக்கை எது? நாள் முழுக்கப் பெய்தால் கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையம், அல்லது வட்டார நூலகம். ஆர்ச்சர்ட் சாலை கிறிஸ்துமஸ் விளக்குகளை வாரநாளில் பாருங்கள். சனிக்கிழமை இரவு தள்ளுவண்டியோடு போவது நமக்கு நாமே கொடுத்துக்கொள்ளும் தண்டனை.

வீட்டிலேயே என்றால் செடி. பாண்டான், கறிவேப்பிலை, புதினா மூன்றும் தாழ்வாரத் தொட்டியில் வரும். ஆனால் தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட்டிருக்க வேண்டும், அது தீப்பாதுகாப்பு விதி. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்கினால் கொசு முட்டையிடும், அதைத் தினம் கொட்டுவதைப் பிள்ளைகளின் வேலையாக்குங்கள்.

ஆன்ட்டி, எனக்கு 16 வயது. ராத்திரி பதினோரு மணிக்குத்தான் அடுப்படி எனக்குக் கிடைக்கிறது. மிக்ஸர் போடலாமா?

போடாதே கண்ணு. கீழ்வீட்டுக் கூரைதான் உன் தரை. கையால் கிளறும் பிரவுனி செய், வெண்ணெயை உருக்கி ஊற்றுவதுதானே அது, மிக்ஸரே வேண்டாம்.

நண்பர்கள் வாங்கிக்கொள்கிறோம் என்கிறார்கள். வீட்டிலிருந்து விற்கலாமா? உரிமம் வேண்டுமா? (தெம்பனிஸ்)

வீட்டில் சிறிய அளவில் செய்து விற்க வீவகவும் நகர மறுசீரமைப்பு ஆணையமும் சேர்ந்து வைத்திருக்கும் திட்டம் இடம் தருகிறது. அந்த வரையறைக்குள் இருந்தால் தனியாக விண்ணப்பிக்க வேண்டாம், சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமமும் வேண்டாம். வீட்டில் குடியிருப்பவர்கள்தான் வேலை செய்ய வேண்டும், வெளியாளை வைக்கக்கூடாது. வாசலில் பலகை மாட்டக்கூடாது, அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு கூடாது. கேட்டரிங் இதில் சேராது. சுத்தம் பற்றி உணவு அமைப்பு வெளியிட்டிருக்கும் வழிகாட்டியை ஒருமுறை முழுக்கப் படியுங்கள். வேலை அனுமதியிலோ சார்ந்திருப்போர் அட்டையிலோ இருப்பவர்கள் மனிதவள அமைச்சிடம் முதலில் கேட்டுவிட்டு இறங்குங்கள், இதில் அவசரம் காட்டாதீர்கள்.

க்ரீம் கேக்கில் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. 5 முதல் 60 டிகிரிக்கு நடுவில் கிருமி வேகமாகப் பெருகும், நம் ஊர்க் காற்று எப்போதும் அதற்குள்தான். எம்ஆர்டி ரயிலில் ஏறி இறங்கிக் கொடுக்கப்போகும் கேக்குக்கு அது சரிவராது. பிஸ்கட், வெண்ணெய் கேக் போதும். மலாய் நண்பர்களுக்கு விற்றாலும் சும்மா கொடுத்தாலும், நாமாக "ஹலால்" என்று சொல்லாமல் போட்டிருக்கும் பொருள்களை எல்லாம் எழுதி ஒட்டுங்கள். வெனிலா எசன்ஸில் ஆல்கஹால் இருக்கிறதா, ஜெலட்டின் எதிலிருந்து வந்தது என்று பாருங்கள். புது டப்பாவில் கொடுப்பது மரியாதை.

மைதாவில் வண்டு!

வாங்கியதும் நான்கு நாள் உறைபெட்டியில் வையுங்கள், முட்டையிருந்தாலும் செத்துவிடும். பிறகு காற்றுப்புகா டப்பா. ஐந்து கிலோ மூட்டை மலிவு என்று வாங்காதீர்கள்.

சீனப் புத்தாண்டுக்கு அன்னாசி டார்ட் செய்து மாடிக்காரர்களுக்குக் கொடுக்கணும். எப்போது ஆரம்பிக்கலாம்? (பிடோக்)

ஜாமை இப்போதே செய்யலாம். அன்னாசியைத் துருவி, சாற்றைப் பாதி பிழிந்துவிட்டு, பட்டையும் இரண்டு கிராம்பும் போட்டு மெல்லிய தீயில் கிளறுங்கள். சர்க்கரையைப் பாதி வழியில் சேருங்கள், முதலிலேயே போட்டால் தண்ணீர் விட்டுக்கொண்டு நேரம் இழுக்கும். அன்னாசி புளிப்பு, அலுமினியச் சட்டி வேண்டாம். உருட்டினால் கையில் ஒட்டாத பதம் வந்ததும் உருண்டைகளாக்கி உறைபெட்டியில் அடுக்கிவிடுங்கள். மேல்மாவை மட்டும் சுடும் நாளில் பிசைந்துகொள்ளலாம். பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னால் சுட்டால் சரியாக இருக்கும்.