வெயிலில் வெந்த வைப்பர் ரப்பர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: காட்பாடியில் வசிக்கிறேன். என் காருக்கு 7 வயது ஆகிறது. வீட்டில் இடமில்லாததால் தெருவில் வெயிலில்தான் நிற்கிறது. சென்ற வாரம் ஆம்பூரிலிருந்து இரவில் திரும்பும்போது பள்ளிகொண்டா அருகே மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் ஓடியும் கண்ணாடியில் கோடு கோடாக நீர் நின்றது. லாரிகளின் விளக்கு வெளிச்சம் அதில் சிதறி, சாலையே சரியாகத் தெரியவில்லை. உதிரிபாகக் கடையில் கேட்டால், "ரப்பர் மட்டும் வராது சார், செட்டாகத்தான் மாற்றணும்" என்கிறார்கள். வருடத்தில் சில நாள் மட்டுமே ஓடும் வைப்பர் இவ்வளவு சீக்கிரம் கெடுமா?

பதில்: கெடும். வேலூரை வெயிலூர் என்று கேலி செய்வது மனிதர்களை நினைத்து மட்டும் அல்ல. வெயிலின் புற ஊதாக் கதிரும், காற்றிலுள்ள ஓசோனும், கொதிக்கும் கண்ணாடியின் சூடும் சேர்ந்து, ஓடாமல் நிற்கும் ரப்பரையும் இறுகச் செய்து வெடிக்க வைத்துவிடும். கண்ணாடியைத் தொடும் ரப்பர் விளிம்பு மிக மெல்லியது. வைப்பர் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அந்த விளிம்பு மறுபக்கம் சாய்ந்தால்தான் நீரை வழித்தெடுக்கும். அக்கினி நட்சத்திரம் முழுக்க ஒரே பக்கம் சாய்ந்தபடி சூட்டில் கிடந்த ரப்பர் அப்படியே படிந்துபோய், போகும்போது சுத்தமாகத் துடைத்துவிட்டு, வரும்போது தடதடவென்று குதிக்கும். பொதுவாக 6 மாதம் முதல் ஓராண்டுக்குள் மாற்றச் சொல்கிறார்கள். வெயிலில் நிற்கும் உங்கள் வண்டிக்கு ஓராண்டே அதிகம் என்பது என் கருத்து. கோடை முடிந்து, ஐப்பசி மழைக்குச் சற்று முன்னதாக மாற்றுவதே இங்கே பொருத்தமான கணக்கு. சித்திரையில் புதிது போட்டால் மழைக்கு முன்பே வெயில் அதைத் தின்றுவிடும்.

ஆனால் காசு கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். வைப்பர் கையைத் தூக்கி, ஈரத்துணியால் ரப்பர் விளிம்பை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை துடையுங்கள். துணியில் கருப்பாகக் கொஞ்சம் ஒட்டுவது இயல்பு. பிறகு விரல் நுனியால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். விளிம்பு வழுவழுப்பாக இருந்தால் குற்றம் தூசியுடையது. கண்ணாடியையும் சோப்பு நீரில் கழுவினால் கோடு மறைந்துவிடும். பல் பல்லாக நெருடினாலோ, மடக்கும்போது நுண்ணிய வெடிப்பு தெரிந்தாலோ மாற்றத்தான் வேண்டும். மெல்லிய கோடு விழாமல், நடுவில் ஓர் அகலமான பட்டை மட்டும் துடைபடாமல் நின்றால், ரப்பரை மாற்றிப் பயனில்லை. ரப்பரைப் பிடித்திருக்கும் ஃப்ரேம் வளைந்திருக்கும் அல்லது கையின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும்.

கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. வைப்பர் கையில் மாட்டும், ரப்பர் பொருத்திய பகுதிதான் பிளேடு. அது எலும்புக்கூடு போன்ற இரும்பு ஃப்ரேம் உள்ள பழைய வகையாக இருந்தால், பல வண்டிகளுக்கு 'ரீஃபில்' என்ற பெயரில் ரப்பர் தனியாகக் கிடைக்கிறது. முழுப் பிளேடைவிட விலை வெகுவாகக் குறையும். ஃப்ரேம் இல்லாத தட்டை வகையாக இருந்தால் பெரும்பாலும் முழுதாக மாற்றுவதே எளிது. எதுவானாலும் பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். இரண்டு பக்கமும் ஒரே நீளம் என்று நினைத்துவிட வேண்டாம். பல கார்களில் ஓட்டுநர் பக்கம் நீளமாகவும் அடுத்த பக்கம் குட்டையாகவும் இருக்கும். நீளத்தோடு ரப்பரின் முதுகு அகலமும், கையில் மாட்டும் கொக்கியும் பொருந்த வேண்டும். அட்டையில் அங்குலம் மட்டும் போட்டிருந்தால், 20 அங்குலம் என்பது சுமார் 508 மி.மீ.

மாற்றும்போது, தூக்கி நிறுத்திய கைக்குக் கீழே மடித்த துண்டு ஒன்றைக் கண்ணாடியின் மேல் விரித்து வையுங்கள். பிளேடு இல்லாத வெறும் கை ஸ்பிரிங் விசையில் படாரென்று அடித்தால், 2 நிமிட வேலை முன் கண்ணாடி மாற்றும் செலவில் போய் நிற்கும். பழைய ரப்பரின் இருபுறமும் செருகியிருக்கும் மெல்லிய எஃகுப் பட்டைகளைத் தூக்கி எறிந்துவிடாமல், அவை எந்தப் பக்கம் வளைந்திருந்தன என்று பார்த்து வைத்துக்கொண்டு, அப்படியே புதியதில் செருகுங்கள். ஃப்ரேமில் ரப்பரைக் கவ்வும் எல்லா நகங்களுக்குள்ளும் ரப்பர் நுழைந்து, கடைசியில் பூட்டு விழ வேண்டும்.

கேள்வி: ராணிப்பேட்டையில் ஒரு கடையில் புது பிளேடு வாங்கினேன். முதல் நாளே கீச்சென்று கத்துகிறது, சரியாகவும் துடைக்கவில்லை. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சிட்டிருப்பதைக் காட்டுகிறார்கள். என்ன செய்வது?

பதில்: கோபித்துக்கொள்ளாதீர்கள், முதலில் ரப்பரின் மேல் ஒளிபுகும் பிளாஸ்டிக் உறை ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். பாதுகாப்புக்காகச் செருகப்பட்ட அதை உருவாமலே மாட்டி ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். அது இல்லையென்றால் கண்ணாடியைச் சந்தேகியுங்கள்: வாட்டர் வாஷில் பூசிய பாலிஷும், லாரிப் புகையின் எண்ணெய்ப் படலமும் நல்ல ரப்பரையும் கத்த வைக்கும்.

இரண்டும் இல்லாமல் பிளேடே குறையுடையது என்றால், பில்லில் உள்ள அந்த வாசகம் கடைக்காரரைக் காப்பாற்றாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில் தராமல் இருப்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது. பிளேடு வந்த அட்டையையும் பில்லையும் பத்திரப்படுத்திக்கொண்டு முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள்; நுகர்வோர் ஆணையத்துக்கே போக நேர்ந்தாலும், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. அடுத்த முறை வாங்கும்போது அட்டையில் அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், ஆண்டு, தயாரிப்பாளர் முகவரி ஆகியவை அச்சாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். அலமாரியில் ஆண்டுக்கணக்கில் கிடந்த ரப்பர், புதியது என்ற பெயரில் வரும் பழையதுதான்.

கேள்வி: மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் ரப்பர் மிருதுவாகும் என்கிறார்களே? சிலிகான் ரப்பருக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா? (குடியாத்தம் வாசகர்)

பதில்: மண்ணெண்ணெய், டீசல், பெட்ரோல் எதுவும் வேண்டாம். மிருதுவானதுபோலத் தெரிவது ரப்பர் ஊதிப்போவதுதான், விரைவில் உருக்குலைந்துவிடும். சிலிகான் வெயிலை நன்றாகத் தாங்கும். வண்டி நாள் முழுவதும் வெளியே நிற்குமானால் கொடுக்கலாம், நிழலில் நிற்கும் வண்டிக்குச் சாதாரண ரப்பரே போதும். எந்த ரப்பரானாலும், காலையில் தூசி படிந்த கண்ணாடியில் நீர் தெளிக்காமல் வைப்பரை ஓட விடாதீர்கள். அந்தத் தெளிப்பான் தொட்டியிலும் உப்பு மிகுந்த போர்வெல் நீரை ஊற்றாமல், குடிநீரையே ஊற்றுங்கள். இல்லாவிட்டால் துவாரம் அடைத்து, கண்ணாடியில் வெள்ளைத் திட்டு படியும். ஏற்கெனவே படிந்திருந்தால், வினிகரில் சம அளவு நீர் கலந்து துணியால் ஒற்றி, சற்று ஊறவிட்டுக் கழுவினால் போய்விடும்.