கொழுப்பு மாத்திரையும் கால் குடைச்சலும்

கேள்வி: திருமங்கலத்தில் இருக்கும் என் அம்மாவுக்கு 58 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை. டாக்டர் அட்டோர்வாஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ‘அது காலை முடக்கிப்போடும்’ என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மூன்றாம் நாளே குடைச்சல் வந்து மாத்திரையை நிறுத்திவிட்டார். இது வெறும் பிரமையா?

பதில்: பிரமை இல்லை. அம்மாவுக்கு வலிப்பது நிஜம்தான். ஆனால் அதற்கு மாத்திரைதான் காரணம் என்று இப்போதே முடிவுகட்ட முடியாது.

கெடுதல் வரும் என்ற எதிர்பார்ப்பே உபாதையைக் கூட்டுவதை மருத்துவத்தில் ‘நோசிபோ’ என்பார்கள். இதே வகை மாத்திரையைப் பக்கவிளைவால் நிறுத்திய 60 பேரிடம் லண்டனில் நடந்த ஆய்வு 2020-இல் வெளியானது. நான்கு மாதம் நிஜ மாத்திரை, நான்கு மாதம் மருந்தே இல்லாத போலி மாத்திரை, நான்கு மாதம் எதுவுமில்லை என்று மாதங்களை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். நூற்றுக்கு இத்தனை என்று அவர்களே தினமும் உபாதைக்கு மதிப்பெண் போட்டார்கள். சராசரி: எதுவும் சாப்பிடாத மாதங்களில் 8, போலியில் 15.4, நிஜத்தில் 16.3. தங்கள் கணக்கைப் பார்த்த பிறகு பாதிப் பேர் மாத்திரையைத் திரும்பத் தொடங்கினார்கள்.

பயம் வந்ததும் மூளையில் கோலிசிஸ்டோகைனின் என்ற பொருள் சுரந்து வலியைத் தூக்கிக் காட்டுகிறது. நாள்பட்ட சர்க்கரைக்காரர்கள் பலருக்குக் காலில் ஏற்கெனவே ஏதாவது குடைச்சல் இருக்கும். முன்பு கண்டுகொள்ளாமல் விட்டது, இப்போது மாத்திரையின் கணக்கில் சேர்கிறது.

டாக்டரிடம் நிறுத்திய விஷயத்தைச் சொல்லுங்கள். அவர் சம்மதத்தோடு ஒரு வாரம் மாத்திரை இல்லாமலே, அம்மா இரவு படுக்கும்முன் காலண்டரில் வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடட்டும். பெரும்பாலோர் இந்த வாரத்தைத் தவறவிடுகிறார்கள். இது இல்லாமல் பின்னால் ஒப்பிட ஒன்றும் இருக்காது. பிறகு டாக்டர் சொல்லும் அளவில் மாத்திரையைத் தொடங்கி, மதிப்பெண்ணைத் தொடருங்கள். வலி நிஜமாகவே ஏறினால் அளவைக் குறைக்கலாம், வேறு மாத்திரைக்கு மாற்றலாம். அம்மாவுக்குத் தெரியாமல் மாத்திரையைக் கலந்து கொடுக்க மட்டும் வேண்டாம். தெரிந்தால் பிறகு எந்த மருந்தையும் நம்பமாட்டார்.

வீட்டில் ஆளாளுக்கு ‘கால் குடையுதாம்மா?’ என்று கேட்பதை நிறுத்துங்கள். ‘இன்னைக்கு எப்படிம்மா இருந்துச்சு?’ என்று ஒரு தடவை கேட்டால் போதும். ‘எல்லாம் மனசுதான்’ என்று தயவுசெய்து சொல்லாதீர்கள், அது அவரைத் தனியாக விட்டுவிடும்.

உள்ளங்கால் எரிச்சலும் மதமதப்பும் இருந்தால் சர்க்கரையால் வந்த நரம்புப் பாதிப்பைச் சந்தேகிக்க வேண்டும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நெடுநாள் சாப்பிடுகிறவர் என்றால் ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவைப் பாருங்கள், தைராய்டும் பாருங்கள்.

இரண்டு தொடையும் தளர்ந்து, உட்கார்ந்த இடத்திலிருந்து எழ முடியாமல் போனாலோ, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ, மாத்திரையை நிறுத்தி அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். தசை சிதைகிறதா என்று பார்க்கும் சி.கே. ரத்தப் பரிசோதனை அப்போது அவசியம்.