மிகுதியின் 2/3 ஆ, முழுவதின் 2/3 ஆ?

பின்னக் கணக்கில் இடறுகிறவர்கள் கேளுங்கோ என்று சொல்லியிருந்தேன். கிளிநொச்சியில் கனகாலம் கணிதம் படிப்பித்த ஆள் நான். வந்த கேள்விகளில் சில:

பரந்தன், சாதாரண தர மாணவி: சேர், "2½ ஏக்கரில் விளைந்த நெல்லில் 1/4 குத்தகைக்குப் போனது. மிகுதியின் 2/3 ஐ விற்றபின் 15 மூடை மிஞ்சியது. மொத்தம் எத்தனை?" எனக்கு 180 வருது. விடை 60 ஆம்.

பிள்ளை, 1/4 ஐயும் 2/3 ஐயும் கூட்டி 11/12 எடுத்திருப்பீர். மிச்சம் 1/12 தான் 15 என்று 180 ஆக்கியிருப்பீர். கூட்டலில் பிழையில்லை, 'மிகுதியின்' என்ற சொல்லைக் கண் தாண்டிப் போய்விட்டது. அந்த 2/3, குத்தகை போனபிறகு களத்தில் கிடக்கிற 3/4 க்கு உரியது. அதில் 2/3 போனால் நிற்பது 1/3. 3/4 இன் 1/3 என்றால் 1/4. கால்வாசி 15, முழுவதும் 60. கொப்பியில் நீளமாக ஒரு பெட்டி கீறி நாலாகப் பிரியும். ஒன்றில் 'குத்தகை', இரண்டில் 'விற்றது' என்று எழுதும். வெறுமையாக நிற்கிற கடைசிப் பெட்டிதான் 15. பெருக்கக்கூடத் தேவையில்லை. அதோட, 2½ ஏக்கரில் 180 மூடையா? அப்பாவிடம் சொல்லிப் பாரும், சிரிப்பார்.

முரசுமோட்டை: பெரிய உழவு இயந்திரம் வயலை 3 மணியில் உழும், லான்ட்மாஸ்டர் 6 மணி. இரண்டையும் விட்டால் 4½ மணியா?

பெரியது தனிய உழுதாலே 3 மணி, துணைக்கு ஒன்று வந்தபிறகு கூடவா எடுக்கும்? ஒரு மணிக்கு 1/3 உம் 1/6 உம், சேர்த்து 1/2. ஆகவே 2 மணி. சேற்றில் புதையிற நேரம் கணக்கில் இல்லை.

ஒட்டுசுட்டான், தாய்: மகள் 1/2 + 1/3 = 2/5 என்றே எழுதுறாள்.

தங்கச்சி, ஏசாதேங்கோ. ஒரு ரொட்டியில் பாதியை அவளுக்குக் குடுங்கோ, மேல 1/3 உம் குடுங்கோ. கையில் இருக்கிறது பாதியைவிடக் குறையுமா? 2/5 பாதிக்கும் குறைவு. பிறகு அதே அளவு ரொட்டியை ஆறாக வெட்டச் சொல்லுங்கோ. பாதிக்கு 3 துண்டு, 1/3 க்கு 2 துண்டு, எல்லாம் 5/6. பகுதியெண் துண்டின் அளவைச் சொல்லுது, அதைக் கூட்டேலாது.

மாங்குளம்: தாங்கியில் கால்வாசி இருந்தது. 5 லீற்றர் அடிக்க முக்கால்வாசி. தாங்கி எவ்வளவு கொள்ளும்?

கூடினது அரைவாசி. 10 லீற்றர்.

நெடுங்கேணி: அப்பு 'மாகாணி' என்பார். அது காணி அளவா?

இல்லைத் தம்பி, பின்னம். மா 1/20, காணி 1/80. கூட்டினால் 4/80 + 1/80 = 5/80, அதாவது 1/16. காலின் பாதி அரைக்கால், அரைக்காலின் பாதி மாகாணி. ஆனால் யாழ்ப்பாணத்தார் தோட்டக்காணிக்குச் சொல்லுற பரப்பும் ஏக்கரில் 1/16 தான். அப்பு அதை மாகாணி ஏக்கர் என்றாலும் பிழை சொல்லேலாது.